மாக்கிரட் வாசிக்காமல் விட்ட வரி

"அவன் திறக்கமாட்டான். இருந்து பார்."

"திறப்பான். தகப்பன் எல்லோ?"

"தகப்பனெண்டால்? உந்த மீசையைப் பார் மாக்கிரட். உந்த மீசைக்காரன் கதவு திறக்கிற ஆளே?"

"மீசையிலை என்ன கிடக்கு? உங்களுக்கும் ஒரு காலத்திலை உதைவிடப் பெரிசாய் இருந்தது."

"அது வேறை மீசை."

திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை மழை. ஒரு துறைமுக ஊரில், தன் தகப்பனின் மருந்துக்கடை வாசலில், நடனவிடுதி உடுப்போடு ஓடிவந்த பெண் ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுருக்கு வைத்த சட்டைக்கைகள் நனைந்து தோளில் ஒட்டிக் கிடந்தன. மார்போடு அணைத்த சால்வைக்குள் காய்ச்சலில் கொதிக்கும் மகன். மேல்மாடி யன்னலில் விளக்கு ஒன்று தெரிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் மீசைக்காரன் நின்று கீழே பார்த்தான். பிறகு விளக்கு மெல்ல நகர்ந்து, அணைந்தது.

"பாத்தியே? சொன்னனான் எல்லோ" என்றார் குருசுமுத்து. வென்றவரின் குரலாக அது இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "ஒப்பரேசன் செய்த கண். சும்மா சும்மா தண்ணி வருது."

"ஓம், ஓம். ஒப்பரேசன் செய்யாத கண்ணிலையும் வருது" என்றாள் மாக்கிரட். அவர் கேட்காததுபோல இருந்தார்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அவர்களுடைய வீட்டில் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் மெக்சிக்கோப் படம். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கழுவிக்கொண்டிருப்பான், அல்லது மழை தூறிக்கொண்டிருக்கும். உள்ளே கணவனும் மனைவியும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நீளக் கதிரையில் இருந்து, பார்த்தறியாத ஒரு நாட்டின், தாங்கள் பிறக்கும் முன்னர் எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்து அழுவார்கள். அவருக்கு இந்த விஷயம் வெளியே தெரியக்கூடாது. ஹேர்னிங் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிப்பவர் அவர். நடனவிடுதிப் பெண்களைப் பார்த்து அழுகிறார் என்று சனம் அறிந்தால் என்ன நினைக்கும்?

இந்தப் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவர்களுடைய ஒரே மகள். உயர்தரப் பள்ளியில் ஸ்பானிய மொழி எடுத்த காலத்தில், நூலகத்திலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, குசினிக்குள் நின்ற தாயைக் கூப்பிட்டாள். "அம்மா, வந்து பாருங்கோ! எங்கடை ஆக்கள் மாதிரியே அழுகினம்."

மாக்கிரட் அகப்பையோடு வந்து நின்றாள். நின்றவள் கதிரையின் கைப்பிடியில் இருந்தாள். பிறகு சோறு அடிப்பிடித்துப்போனது.

அவளுக்கு அந்தப் படங்களில் எது பிடித்தது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். டென்மார்க்கில் சாவு எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். யன்னலைச் சற்றுத் திறந்து வைப்பார்கள். பிள்ளைகள் வருவார்கள், கடுதாசிக் கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொள்வார்கள், தாதியருக்கு நன்றி சொல்லுவார்கள், போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். அதில் அன்பு குறைவென்று மாக்கிரட் நினைத்ததில்லை. ஆனால் அத்தனை வருடமும் அந்த அமைதிக்குள் நடந்து நடந்து, தன் தொண்டைக்குள் ஏதோ ஒன்று மடித்து வைக்கப்பட்டதுபோல அவளுக்கு இருந்தது.

மெக்சிக்கோக்காரிகள் எதையும் மடித்து வைப்பதில்லை. படிக்கட்டில் விழுந்து அழுதார்கள். அழுதுகொண்டே போய் மேடையில் ஆடினார்கள். இடுப்பு சிரிக்கும், கண் அழும், பின்னால் மேளக்காரன் எதையும் அறியாமல் அடித்துக்கொண்டிருப்பான். ஒப்பனை அறைக் கண்ணாடியின் மூலையில் மாதா படம் ஒன்று செருகியிருக்கும். ஊர் கெட்டவள் என்று சொல்லும் பெண்ணிடம்தான் ஒரு துளி வஞ்சமும் இருக்காது. கோவிலில் தொப்பியைக் கழற்றும் பெரிய மனிதன் விடுதிக்குள் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு நுழைவான். ஓர் ஆள் மெல்லிய குரலில், எல்லாம் தெரிந்தவன்போலப் பாடுவான். பாட்டு விளங்காவிட்டாலும் யாரோ யாரையோ மன்னிக்கத் தவறிவிட்டார்கள் என்பது விளங்கும்.

மகளுக்கும் தாய்க்கும் அது ஒரு வழக்கமாயிற்று. குருசுமுத்து அப்போது துணி ஆலையில் வேலை. வந்து, "உதென்ன தலையிலை கோழி இறகு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

பிறகு மகள் கொப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போனாள். அங்கே டானியல் என்ற டெனிஷ் பொடியனைக் கண்டாள். அவனோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினாள். தாலி இல்லை, கோவில் இல்லை, நகரசபைக் கடுதாசிகூட இல்லை. இந்த நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று அவள் சொன்னாள். "பாதிப்பேர் தமிழ்ப் பூசையிலை மன்றாட்டு வாசிக்கேல்லை" என்றார் குருசுமுத்து. வார்த்தை தடித்தது. கடைசியில் அவர் சொன்னார்: "இனி இந்த வீட்டிலை அவளின்ரை பேர் கேக்கக்கூடாது."

அந்த வீட்டில் பேர் கேட்காமல் போவதென்பது சின்ன விஷயமல்ல. பின்னேரச் செபமாலை முடிந்ததும் சொந்தபந்தங்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பது அவர்களின் வழக்கம். மன்னாரில் இருப்பவர்கள், கனடாவில் இருப்பவர்கள், செத்தவர்கள், சுகமில்லாதவர்கள், கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பவர்கள். அந்த வரிசையில் முதலாவதாக மகளின் பேர் வரும். செபம் முடிய அவள் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நிற்பாள். அவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். இப்போது வரிசை மன்னாரில் தொடங்கியது. ஆனால் தொடங்கும் முன்னர் குருசுமுத்து ஒரு மூச்சு எடுப்பார். அந்தப் பேர் இருந்த அளவுக்குச் சரியாக ஒரு மூச்சு. மாக்கிரட் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூச்சைக் கேட்பாள்.

தாயும் மகளும் கதைப்பது நிற்கவில்லை. முதியோர் இல்லத்தின் ஓய்வறையில் இருந்து மாக்கிரட் எடுப்பாள். ஒரு நாள் மகள் சொன்னாள், தனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். சின்ன நிறுவனம் ஒன்று பழைய வெளிநாட்டுப் படங்களை எடுத்து, டெனிஷ் வசனவரிகள் போட்டு இணையத்தில் விடுகிறது. ஸ்பானியப் படங்களுக்கு எழுதுவது அவள்.

"எங்கடை அழுகைப் படங்களும் வருமே?"

"அதுதானம்மா கனக்க. கடைசி வரைக்கும் பாருங்கோ. என்ரை பேர் வரும்."

மாக்கிரட் பார்த்தாள். முடிவென்று பெரிய எழுத்து விழுந்து, பாட்டு ஓய்ந்து, திரை கறுத்தபிறகு கீழே சின்னதாக ஒரு வரி வந்தது. டெனிஷ் வசனவரிகள்: ஸ்ரெபானி குருசுமுத்து. அந்த வீட்டில் சொல்லக்கூடாத பேரும், சொல்லக்கூடாது என்று சொன்னவரின் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மகள் தகப்பன் பேரை விடவில்லை.

அப்போது குருசுமுத்துவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஆலையிலிருந்தும் நின்றுவிட்டார். பகல் முழுக்க வீட்டில் இருந்தவர், மெல்ல மெல்ல நீளக் கதிரைக்கு வந்தார். "உவள் ஏன் அழுகிறாள்? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். மாக்கிரட் டெனிஷ் வரிகளைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். மகள் எழுதிய வரிகளைத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டுகிறோம் என்பதை அவள் சொல்லவில்லை. படம் முடியும் நேரம் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். கடைசி வரி வரும்போது அவள் எழும்பிக் கோப்பைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல் நின்று பார்த்துவிட்டுக் குசினிக்குப் போவாள்.

முதல் பொய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு படத்தில் ஆட்டக்காரி ஒருத்தி தோழியிடம் ஏதோ தொப்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாக்கிரட்டின் வாய் இப்படிச் சொன்னது: "எனக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு. வீட்டிலை இருந்தே செய்யலாம்."

குருசுமுத்து தலையாட்டினார். "நல்ல விஷயம்தானே."

அதற்குப் பிறகு அவளால் நிற்பாட்ட முடியவில்லை. பேர் சொல்லத்தானே தடை? பேரில்லாமல் சொல்லலாம். தலையில் இறகும் உடம்பில் மினுக்குமாக நின்ற பெண்கள், ஸ்ரெபானிக்குப் புது வீடு கிடைத்ததைச் சொன்னார்கள், சளி பிடித்ததைச் சொன்னார்கள். ஒருத்தி மேடைக்கு ஏறுமுன் ஞானப்பல்லு பிடுங்கியதைச் சொன்னாள். "அந்தக் காலத்திலையும் ஞானப்பல்லுப் புடுங்கினவையே?" என்று குருசுமுத்து கேட்டார். "மெக்சிக்கோவிலை எல்லாம் புடுங்குவினம்" என்றாள் மாக்கிரட். போன கோடையில் ஒருத்தி, சிகரெட் புகைக்கு நடுவே நின்று, "எனக்கு வயித்திலை பிள்ளை" என்றாள். குருசுமுத்து எழும்பிக் குசினிக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவர் தேத்தண்ணி போட்டு அவள் கண்டதில்லை. சீனி கூடிப்போயிருந்தது. அவள் குடித்து முடித்தாள்.

மார்கழி மாதம் அந்தப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் தங்கை செலீனாவுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மாக்கிரட் ரயில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் யாரோ பின்னிக் கொடுத்த வெள்ளைத் தொப்பி பிள்ளையின் தலைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெட்டியை டானியல் தன் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு நடந்தான். அடக்கம் முடிந்து வரும்போது, அன்று முழுக்க டெனிஷிலேயே கதைத்துக்கொண்டிருந்த மகள், தமிழில் கேட்டாள்: "அப்பாவுக்குச் சொன்னனீங்களோ?"

"சொல்லுறன்" என்றாள் மாக்கிரட்.

சொல்லவில்லை. மகள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை விட்டதுதான் மாக்கிரட்டைத் தின்றது. இந்தச் சனிக்கிழமை எப்படியும் சொல்லிவிடவேண்டும். ஆட்டக்காரி ஒருத்தியின் வாயில் வைத்தாவது சொல்லிவிடவேண்டும். ஆனால் படம் தொடங்கிப் பாதி போயும் அவளுக்கு அதற்கேற்ற வாய் கிடைக்கவில்லை.

மருந்துக்கடைக் கதவு திறக்காமல் போனபிறகு, அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கன்னியாஸ்திரிகளின் தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சேதி அறிந்து விடுதியில் இருந்து மற்றப் பெண்கள் எல்லோரும் வந்துசேர்ந்தார்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை. நீண்ட வெள்ளை நடையோரம், ஒரு வாங்கில், இறகும் மினுக்கும் நனைந்த ஒப்பனையுமாக வரிசையாக இருந்து செபமாலை சொன்னார்கள்.

"பார், உடுப்பு அந்த மாதிரி. செபம் எங்களைவிடத் திறம்" என்றார் குருசுமுத்து.

கதவு திறந்து வைத்தியர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். கீழே வெள்ளை எழுத்து விழுந்தது. 'காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் மகன் பிழைத்துக்கொண்டான்.'

மாக்கிரட் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதை எழுதியவள் யார்? ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் வரியை அந்தப் பேச்சின் நேரத்துக்குப் பொருத்தவேண்டும் என்று மகள் முன்பு சொல்லியிருந்தாள். இந்தப் படம் மட்டும் பிந்தும் என்று தை மாதம் சொன்னாள். ஏன் என்று மாக்கிரட் கேட்கவில்லை. தன் பிள்ளையை அடக்கிவிட்டுத் திரும்பி வந்தவள், தனியே மேசைக்கு முன்னால் இருந்து, பிழைத்துக்கொண்டான், பிழைத்துக்கொண்டான் என்று அந்த வைத்தியர் சொல்வதை எத்தனை தரம் கேட்டிருப்பாள்?

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"பிள்ளை மோசம் போச்சாம்" என்றாள் மாக்கிரட்.

திரையில் ஆட்டக்காரிகள் துள்ளி எழும்பினார்கள். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் கன்னியாஸ்திரி ஒருவரை அப்படியே தூக்கிச் சுற்றினாள். இறகுகள் பறந்தன. தாய் சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து அழுதாள்.

குருசுமுத்து றிமோட்டை எடுத்துப் படத்தை நிற்பாட்டினார். ஓர் இறகு அந்தரத்தில் நின்றது.

"அப்பிடி எழுதியிருக்கேல்லை" என்றார்.

மாக்கிரட் திரும்பினாள். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொடியன் தப்பிட்டான் எண்டெல்லோ எழுதியிருக்கு."

"நீங்கள்... உங்களுக்குத் தூரத்து எழுத்து இன்னும் மங்கல் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"சொன்னனான்."

"எப்ப தொட்டு வாசிக்கிறியள்?"

"கண்ணாடி வந்த நாள் தொட்டு."

கண்ணாடி வந்தது போன வசந்தத்தில், ஒப்பரேசனுக்குப் பிறகு. அவள் வாசிக்க முன்னரே அவர் சிரித்த இடங்கள் மாக்கிரட்டுக்கு நினைவு வந்தன. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப ஞானப்பல்லு?"

"தலையிலை இறகு கட்டினவளுக்கு ஞானப்பல்லு நோகுதெண்டு எந்த விசரன் படமெடுப்பான்?"

வேறொரு நாளென்றால் இரண்டுபேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் என்னைக் கொண்டு வாசிப்பிச்சனீங்கள்?"

அவர் றிமோட்டின் பின்மூடியை நகத்தால் கழற்றினார், பூட்டினார். திரும்பவும் கழற்றினார். சனிக்கிழமைகளில் மத்தியானச் சோற்றை அவர் அவசரமாகச் சாப்பிட்டதும், படம் தொடங்கப் பிந்தினால் நடையில் இங்குமங்கும் நடந்ததும் மாக்கிரட்டுக்கு இப்போது வேறுவிதமாகத் தெரிந்தன. அவர் படத்துக்கு வரவில்லை.

"அவளுக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"பெட்டையோ, பொடியனோ?"

"பெட்டை."

"எப்ப?"

"மார்கழியிலை. செலீனாவுக்குச் சுகமில்லை எண்டு போனன் எல்லோ."

"மூச்சு இருந்ததே?"

"இல்லை. பிறக்கேக்கையே இல்லை."

அவர் கை தன்பாட்டில் மேலே வந்தது. பெருவிரல் நீண்டு, நடுவெளியில் நின்றது. "நெத்தியிலை ஆராவது..." என்று தொடங்கினார்.

"நான் போட்டனான்" என்றாள் மாக்கிரட். "தொப்பியைக் கொஞ்சம் மேலை தள்ளிப்போட்டு, போட்டனான். உங்கடை பேராலையும் ஒண்டு போட்டனான்."

குருசுமுத்து கையைக் கீழே இறக்கினார். மறுகையால் அதை மூடிக்கொண்டார். வெளியே யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். அவர் அழுவார் என்று மாக்கிரட் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத மெக்சிக்கோக்காரிகளுக்காக வாரம் தவறாமல் அழுத மனிதனுக்கு இப்போது அழுகை வரவில்லை. வாய் மட்டும் கோணியது. என்ன செய்வதென்று தெரியாதவர்போல, படத்தைத் திரும்ப ஓடவிட்டார்.

மிச்சப்படத்தை மாக்கிரட் வாசிக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை. கடைசியில் மீசைக்காரன் வயது போய், மீசை வெளுத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நடனவிடுதியின் வாசலுக்கு வந்தான். உள்ளே மகள் பாடிக்கொண்டிருந்தாள். அவன் கதவில் கையை வைத்தான். தள்ளவில்லை. சுவருக்கு வெளியே நின்று அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தான். கமரா மெல்ல மெல்லப் பின்னால் போய், அவனையும் கதவையும் தெருவையும் சின்னதாக்கியது. முடிவு என்று பெரிய எழுத்து விழுந்தது. பாட்டு ஓய்ந்தது. திரை கறுத்தது.

மாக்கிரட் வழக்கம்போல எழும்பிக் கோப்பைகளை எடுத்தாள். அவருடையது தொடாமல் ஆறிக் கிடந்தது. கறுப்புத் திரையின் அடியில் அந்தச் சின்ன வரி வந்தது.

குருசுமுத்து அன்றைக்குக் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கவில்லை. கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். படத்தை நிற்பாட்டினார். வரி அப்படியே நின்றது. தன் பேரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கு முன்னால் இருந்த பேரையும்.

"உதை மட்டும் நீ ஒருநாளும் வாசிக்கேல்லை" என்றார்.

மாக்கிரட் கோப்பைகளைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"வாசி, மாக்கிரட். எனக்குக் கேக்க, சத்தமா ஒருக்கா வாசி."